மருந்தின் வடிவத்தை வாசித்தல்

மருந்தாளராவதற்குப் பயிலும் மாணவர்கள் நுண்ணுயிரெதிரி மருந்துகளின் இரசாயனத்தைக் கற்கும்போது எவற்றைத் தம் குறிக்கோளாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். "இது மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய செய்தி, வீட்டிலிருந்து வானொலி கேட்கும் எமக்கு இதனால் ஆவதென்ன?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்தொன்றை ஒருமுறையேனும் உட்கொள்ளாதவர் இன்று நம்மிடையே மிகச் சிலரே. அம்மருந்தை உங்கள் கையிலே தருபவர் என்ன கற்றார், எவ்வாறு கற்றார் என்பது உங்கள் உடல் நலத்தைப் பற்றிய கேள்வியுமாகும். ஆதலின் மாணவரோடு நீங்களும் சற்றுச் செவிசாய்க்குமாறு வேண்டுகின்றேன்.

இதிலே எனக்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. இரசாயனம் கரும்பலகையிலே படம் வரைந்து கற்பிக்கப்படுவது. வானொலியிலே கரும்பலகை இல்லை. நான் சொல்லாற் காட்டும் படங்களை நீங்கள் மனத்திலே வரைந்துகொள்ளுதல் வேண்டும்.

முதலில் எனது பிழையொன்றைக் கூறிவிடுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன், படிப்பை முடித்துக்கொண்டு ஒரு சிறு மருந்தகத்திலே பணிக்கு அமர்ந்திருந்தேன். வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர் மருந்துச் சீட்டோடு வந்தார். நெஞ்சிலே சளி கட்டிக் காய்ச்சலோடு இருந்த அவருக்கு வைத்தியர் ரெற்றாசைக்கிளின் எழுதியிருந்தார். இரத்தக் குறைவுக்காக இரும்புச் சத்து மாத்திரையும் அதே சீட்டில் இருந்தது. நான் இரண்டையும் பொதி செய்து கொடுத்து, "ஐயா, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஒரு கோப்பை பால் குடியுங்கள்; வயிறு எரியாது" என்று அன்போடு சொல்லியனுப்பினேன்.

அவர் நான் சொன்னபடியே செய்தார். ஒரு கிழமை கழிந்து மறுபடி வந்தபோது காய்ச்சல் தணியவில்லை; முன்னிலும் மெலிந்திருந்தார். எனக்கு மூத்தவரான மருந்தாளர் அவரிடம் விவரங் கேட்டறிந்தபின் என்னை அழைத்து, "தம்பி, ரெற்றாசைக்கிளினின் அமைப்பை எழுதிக் காட்டும்" என்றார். நான்கு வளையங்களையும் பிழையின்றி வரைந்தேன். எந்த மூலையிலே எந்தக் கூட்டம் நிற்கின்றதென்பதும் எனக்கு மனப்பாடம். அவர் அப்படத்தின் கீழ்ப்புறத்திலே அருகருகே நின்ற ஒட்சிசன் அணுக்களைச் சுட்டி, "இவற்றின் நடுவே இரும்பு வந்தால் என்ன நடக்கும்?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அப்பொழுது அவர், "நீர் இதனை வரையக் கற்றிருக்கிறீர்; வாசிக்கக் கற்கவில்லை" என்றார்.

அந்தப் பெரியவர் பின்னர் தேறினார். ஆயினும் அவர் இழந்த அந்த ஒரு கிழமைக்குக் காரணம் நானே. பின்னாளிலே மாணவர்க்குக் கற்பிக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தபோது, அந்த வார்த்தையையே என் பாடத்திட்டத்தின் முதல் வரியாக வைத்துக்கொண்டேன். நுண்ணுயிரெதிரிகளின் இரசாயனத்தைக் கற்பதன் நோக்கம் வடிவத்தை வாசிக்கப் பழகுதல். அதனை ஐந்து குறிக்கோள்களாக வகுத்துக் கூறலாம்.

முதலாவது, மருந்தின் உயிர்நிலையை இனங்காணுதல். ஒரு மருந்து மூலக்கூற்றிலே பத்துப் பதினைந்து காபன் அணுக்களும் வேறு பல அணுக்களும் இருக்கும். அவற்றுள் எப்பகுதி மருந்தின் தொழிலைச் செய்கின்றது, எப்பகுதி அதற்குத் துணை நிற்கின்றது என்பதைப் பார்த்தவுடன் சொல்ல மாணவன் அறிந்திருத்தல் வேண்டும்.

பெனிசிலினை எடுத்துக்கொள்வோம். 1928இல் இலண்டன் சென் மேரீஸ் மருத்துவமனையிலே அலெக்சாந்தர் பிளெமிங், தாம் கிருமி வளர்த்த தட்டொன்றிலே பூஞ்சணம் படிந்திருப்பதையும், அதனைச் சூழ்ந்திருந்த கிருமிகள் கரைந்து போயிருப்பதையும் கண்டார். அப்பூஞ்சணத்தின் சாற்றை மருந்தாக்கும் பணியை ஒக்ஸ்போட்டிலே ஹவார்ட் புளோரி, ஏர்ன்ஸ்ட் செயின், நோர்மன் ஹீற்லி முதலியோர் மேற்கொண்டனர். 1940ஆம் ஆண்டு மே மாதத்திலே எட்டு எலிகளுக்கு நோய்க்கிருமியை ஏற்றி, அவற்றுள் நான்கிற்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தனர். மருந்து பெறாத நான்கும் மறுநாட் காலைக்குள் இறந்து கிடந்தன; மருந்து பெற்றவை உயிரோடிருந்தன. 1941 பெப்ரவரியிலே அல்பேட் அலெக்சாந்தர் என்னும் பொலிஸ்காரருக்கு அம்மருந்து ஏற்றப்பட்டது. சாவின் விளிம்பிலிருந்த அவர் சில நாட்களிலேயே எழுந்து உணவு கொண்டார். ஆயினும் மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரிலிருந்து கூடப் பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர்; அதுவும் முடிந்தது. நோய் திரும்பிற்று, மார்ச் மாதத்திலே அவர் இறந்தார்.

இவ்வளவும் நடந்த காலத்திலே பெனிசிலினின் வடிவம் இன்னதென ஒருவரும் அறியார். 1943இல் எட்வேட் ஆபிரகாமும் செயினும், அதனுள்ளே நான்கு மூலைகள் கொண்ட சிறு வளையமொன்று இருத்தல் வேண்டும் என்றனர். மூன்று மூலைகளிலே காபன். ஒரு மூலையிலே நைதரசன். அதனைப் பீற்றா லக்ரம் வளையம் என்பர். இரசாயனத்திலே பெரும் புகழ் படைத்த றொபேட் றொபின்சன் அக்கருத்தை ஏற்கவில்லை. வேறொரு வடிவத்தையே அவர் ஆதரித்தார். 1945இல் டொறதி ஹொட்ஜ்கின் அம்மையார் பெனிசிலின் பளிங்குகளூடே எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் கோலத்தைக் கணக்கிட்டு, நான்கு மூலை வளையமே உண்மையென நிலைநாட்டினார். 1964இல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு அடிப்படையான பணிகளுள் இதுவும் ஒன்று.

அந்த வளையம் இத்துணை முக்கியமானது ஏன்? காபன் அணுவின் நான்கு கைகளும் இயல்பாக விரிந்து நிற்கும் கோணம் ஏறத்தாழ 109 பாகை. நான்கு மூலை வளையத்துள் அடைபட்டபோது அது ஏறத்தாழ 90 பாகைக்கு ஒடுக்கப்படுகின்றது. நாணேற்றி வளைத்த வில்லை எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வில் நிமிர்வதற்கு எந்நேரமும் காத்திருக்கின்றது. பெனிசிலின் வளையமும் அவ்வாறே திறந்துகொள்வதற்குக் காத்திருக்கின்றது. அதன் மருந்துத் தன்மைக்கும், அதன் நொய்ம்மைக்கும், அதனால் வரும் தீங்கிற்கும் அந்த ஒரு வளைவே காரணம். இதனை உணர்ந்த மாணவன் பெனிசிலின், செபலோஸ்போரின், காபபெனம் என்னும் மூன்று பெருங் குடும்பங்களையும் ஒரே பார்வையில் உறவினரெனக் கண்டுகொள்வான்.

இரண்டாவது குறிக்கோள், அந்த உயிர்நிலை கிருமியின் எவ்விடத்தைத் தாக்குகின்றது என்பதையும், நம் உடலை ஏன் தாக்காமல் விடுகின்றது என்பதையும் விளக்க அறிதல். பற்றீரியா என்னும் நுண்ணுயிர்க்குத் தன்னைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. நம் ஊரிலே வேலியடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெடுக வரிச்சுகளை வைத்துக் கயிற்றினால் இடையிடையே கட்டி இறுக்குவர். கிருமியின் சுவரும் அவ்வாறே. வெல்லத் தொடர்கள் அதன் வரிச்சுகள். அமினோ அமிலத் தொடர்கள் அதன் கயிறுகள். கயிற்றின் நுனியிலே அலனின் என்னும் அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து நிற்கும். ஒரு நொதியம் வந்து அந்நுனியைப் பற்றி, கடைசி அலனினை அறுத்தெறிந்துவிட்டு, எஞ்சிய கயிற்றை அடுத்த கயிற்றோடு முடிந்துவிடும். அந்நொதியத்தை வேலி கட்டுகிறவனின் கை எனக் கொள்வோம்.

பெனிசிலின் அந்தக் கயிற்று நுனியை ஒத்திருக்கின்றது என்பதை 1965இல் திப்பர், ஸ்ரோமிஞ்சர் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். வேலி கட்டுகிறவன் கயிறென்றெண்ணிப் பெனிசிலினைப் பிடிக்கின்றான். பிடித்தவுடன் வளைந்த வில் நிமிர்கின்றது. வளையம் திறந்து அவன் கையோடு ஒட்டிக்கொள்கின்றது. அக்கை பின்னர் வேறு கயிற்றைத் தொட முடியாது. கிருமி வளர்கின்றது, வேலியோ கட்டப்படாமல் நிற்கின்றது. உள்ளமுக்கம் தாங்காது கிருமி வெடித்து மடிகின்றது.

மனித உடலின் கலங்களுக்கு இத்தகைய சுவர் இல்லை. ஆகவே அக்கையும் இல்லை. எனவேதான் கிருமியைக் கொல்லும் மருந்து நோயாளியைக் கொல்லாமல் விடுகின்றது. வளரும் கிருமிக்கே சுவர் கட்டும் வேலை உண்டு என்பதையும், தடிமனையும் சளிச்சுரத்தையும் விளைக்கும் வைரசுக்கு இச்சுவரே இல்லை என்பதையும் மாணவன் இதிலிருந்து தானாகவே உணரவேண்டும். "தடிமனுக்கு அன்ரிபயோட்டிக் தாருங்கள்" என்று கேட்பவர்க்கு, "அது கூடாது" என்று மட்டும் சொல்லுகிற மருந்தாளர் அதிகாரம் செலுத்துபவராகத் தோன்றுவார். "இம்மருந்து இடிக்கும் சுவர் அந்தக் கிருமிக்கு இல்லை" என்று சொல்லுகிறவர் கேட்டவரின் மனத்தை மாற்றுவார்.

மூன்றாவது குறிக்கோள், உயிர்நிலையைத் தொடாமல் அதன் பக்கத்தொடரை மாற்றும்போது மருந்தின் குணம் எவ்வாறு மாறுகின்றது என்பதை அறிதல். முதலிற் கிடைத்த பெனிசிலினை வாயால் உட்கொண்டால் இரைப்பையின் அமிலம் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அதன் பக்கத்தொடரிலுள்ள ஒட்சிசன் ஒன்று அமிலத்தின் தூண்டுதலால் உள்வளைந்து, தன் வளையத்தையே தாக்குவதனால் அச்சிதைவு நிகழ்கின்றது. எனவே அது ஊசி மூலமே ஏற்றப்பட்டது. பக்கத்தொடரிலே ஒட்சிசன் அணுவொன்றைக் கூடுதலாகச் செருகியபோது, அது இலத்திரன்களைத் தன்பால் இழுத்து அந்த உட்பகையை அடக்கிற்று. வாயால் உட்கொள்ளும் பெனிசிலின் வீ அவ்வாறு கிடைத்ததே.

1957இல் இங்கிலாந்திலே பீச்சம் நிறுவனத்து ஆய்வாளர் பெனிசிலினின் கருவைப் பக்கத்தொடரின்றித் தனியே பிரித்தெடுத்தனர். அதன்பின் விரும்பிய தொடரைக் கருவோடு பொருத்தும் வழி திறந்தது. அமினோக் கூட்டமொன்றைப் பொருத்த அம்பிசிலின் ஆயிற்று. முன்னைய பெனிசிலின் புகமுடியாத சில கிருமிகளுள்ளும் அது புகுந்தது. அதன் வளையத்திலே ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஒரு சிறு கூட்டத்தை ஏற்ற, அமொக்சிசிலின் ஆயிற்று. குடலிலிருந்து அது முன்னையதிலும் நன்றாக உறிஞ்சப்படுகின்றது. இன்று நம் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் பாணி மருந்து பெரும்பாலும் இதுவே. இரண்டு அணுக்களின் சேர்க்கையால் வந்த வேறுபாடு இது. மாணவனிடம் அமொக்சிசிலினின் அமைப்பை எழுதெனக் கேட்பதிலும், அம்பிசிலினின் படத்தைக் காட்டி, "இதனை வாயால் உட்கொள்ள இன்னும் ஏற்றதாக்க நீர் எதனை மாற்றுவீர், ஏன்?" என்று கேட்பது நன்று.

நான்காவது குறிக்கோள், கிருமி எவ்வாறு தப்புகின்றது என்பதைத் தெரிந்துகொள்ளுதல். இதிலே நாம் சற்று நின்று பேசுதல் வேண்டும்.

பெனிசிலின் பொதுப் பயனுக்கு வருவதற்கு முன்னரே, 1940இல், ஆபிரகாமும் செயினும் பெனிசிலினை அழிக்கும் நொதியமொன்றைக் கிருமிகளிலே கண்டு வெளியிட்டிருந்தனர். மருந்து பிறக்கும்போதே மாற்றும் பிறந்திருந்தது. அந்நொதியம் வளையத்தைத் திறந்து நீரைச் சேர்த்துவிடுகின்றது. நாணறுந்த வில்லினால் என்ன பயன்? பிளெமிங் 1945ஆம் ஆண்டு டிசம்பரிலே நோபல் சொற்பொழிவாற்றியபோது, மருந்தைக் குறைந்த அளவிலே உட்கொள்வதனால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என எச்சரித்தார்.

இந்நொதியத்திற்கு எதிராக, பக்கத்தொடரிலே பருமனான இரு கூட்டங்களை நிறுத்தி மெத்திசிலினைச் செய்தனர். வாசலிலே இரு காவலர் நின்றாற்போல அவை நொதியம் நெருங்கவொட்டாமற் றடுத்தன. அம்மருந்து பயனுக்கு வந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குள், 1961இல், அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்திலே அறிவிக்கப்பட்டது. அக்கிருமி மருந்தை அழிக்கவில்லை. வேலி கட்டுகிறவனின் கையையே மாற்றிக்கொண்டது. புதிய கை கயிற்றைப் பிடிக்கும், பெனிசிலினைப் பிடிக்காது.

மூன்றாவது வழியொன்று உண்டு. வன்கோமைசின் என்னும் பெரிய மூலக்கூறு, வேலி கட்டுகிறவனை விட்டுவிட்டுக் கயிற்றின் நுனியையே உறைபோல மூடிக்கொள்ளும். நுனியின் இரண்டு அலனின்களையும் ஐந்து ஐதரசன் பிணைப்புக்களால் அது பற்றிக்கொள்கின்றது. 1950களிலே போர்ணியோத் தீவின் மண்ணிலிருந்து பெறப்பட்ட இம்மருந்துக்கு நெடுங்காலம் எதிர்ப்பு எழவில்லை. 1980களின் பிற்பகுதியிலே எழுந்தது. அக்கிருமிகள் கயிற்று நுனியின் கடைசி அலனினை நீக்கி, அதன் இடத்திலே இலற்றிக் அமிலத்தை வைத்தன. நைதரசனும் ஐதரசனும் நின்ற இடத்திலே ஒரே ஓர் ஒட்சிசன் வந்து நின்றது. ஐந்து பிணைப்புக்களில் ஒன்று அறுந்தது. அவ்வளவே. மருந்தின் பிடிப்போ ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துபோயிற்று. நேயர்களே, ஓரணுவின் மாற்றம் ஒரு மருத்துவமனையின் நம்பிக்கையைக் குலைக்க வல்லது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நான்காவது வழி, மருந்தை உள்ளே வரவிட்டு உடனே வெளியே இறைத்துத் தள்ளிவிடுதல். ரெற்றாசைக்கிளினுக்குப் பல கிருமிகள் இவ்வழியிலே தப்புகின்றன.

இவற்றைக் கற்கும் மாணவன் ஒவ்வொரு தப்பும் வழிக்கும் மனிதன் கண்ட மறுவழியையும் கற்கவேண்டும். கிளவுலானிக் அமிலம் தன்னளவிலே வலுவற்ற மருந்து. ஆயினும் அதற்கும் அந்த நான்கு மூலை வளையம் உண்டு. பெனிசிலினை அழிக்கும் நொதியம் அதனைப் பெனிசிலினென்று எண்ணிப் பற்றி அதிலேயே சிக்குண்டுபோக, உடன்வந்த அமொக்சிசிலின் தன் வேலையைச் செய்கின்றது. இரண்டும் சேர்ந்த மாத்திரையை இன்று நம் மருந்தகங்களில் எங்குங் காணலாம். ஆனால், நாகவணுவைத் துணைகொண்டு வளையத்தை உடைக்கும் வேறுவகை நொதியங்களும் உண்டு. அவை இக்கண்ணியிலே சிக்குவதில்லை. ஆகையால் எந்தக் கிருமி எவ்வழியிலே தப்புகின்றது என்று தெரியாமல், "இதனிலும் கடுமையான மருந்து" என்று ஒன்றைக் கொடுப்பது இருட்டிலே கல்லெறிவதாகும்.

ஐந்தாவது குறிக்கோள், வடிவத்திலிருந்து தீங்கையும் பேணும் முறையையும் முன்னறிந்து, நோயாளிக்குரிய சொல்லாக மாற்றுதல். முன்னைய நான்கும் வந்து சேருமிடம் இதுவே.

பெனிசிலின் வளையம் நொய்தானது என்றோம். நீரிலே கரைந்து நின்றால் அது மெல்லமெல்லத் திறந்துபோகும். எனவேதான் குழந்தைகளுக்கான பாணி மருந்து தூளாக வருகின்றது. கொடுக்கும் வேளையிலே, கொதித்தாறிய நீரைக் குறியளவுவரை விட்டுக் கலக்குகின்றோம். கலந்தபின் சீட்டிற் குறித்த நாட்களுக்கு மேல், பெரும்பாலும் 7 அல்லது 14 நாட்களுக்கு மேல், அதனை வைத்திருத்தலாகாது. "மிஞ்சிய மருந்தை அடுத்த காய்ச்சலுக்கு வைத்துக்கொள்ளலாமா?" என்று தாய் கேட்கும்போது, மருந்தாளரின் விடை அந்த வளையத்திலிருந்து வரவேண்டும்.

அதே வளையம் நம் உடலிலுள்ள புரதங்களோடும் ஒட்டிக்கொள்ளக்கூடும். அவ்வாறு ஒட்டிய புரதத்தைச் சிலர் உடல் அந்நியமெனக் கருதிப் போர் தொடுக்கும். பெனிசிலின் ஒவ்வாமை இவ்வாறே தொடங்குகின்றது. சிலருக்குத் தடிப்பும் கடியும். வெகு சிலருக்கு மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்து. பெனிசிலின் ஒவ்வாதவர்க்குச் செபலோஸ்போரின் கொடுக்கலாமா என்ற கேள்வி எழும்போது இரண்டின் பக்கத்தொடர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அம்பிசிலினும் செபலெக்சினும் ஒரே பக்கத்தொடரை உடையவை. ஆதலால் ஒன்று ஒவ்வாதவர்க்கு மற்றது ஒவ்வாதிருக்கும் வாய்ப்பு அதிகம்.

ஸ்ரெப்டோமைசினைப் பாருங்கள். வெல்லங்களை ஒத்த வளையங்கள். அவற்றைச் சுற்றி நேரேற்றந் தாங்கும் கூட்டங்கள். நீரிலே எளிதிற் கரையும். கொழுப்புப் பொதிந்த குடற்சுவரைக் கடக்காது. காசநோய்க்கு அது ஊசியாக ஏற்றப்படுவதன் காரணம் படத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது. அக்குடும்பத்து மருந்துகள் காதின் உட்பகுதியிலும் சிறுநீரகத்திலும் தங்கிக் கேடு செய்யக்கூடும். காதிலே இரைச்சல் கேட்கின்றதா என்று நோயாளியிடம் கேட்கவேண்டுமென்பதை மருந்தாளர் மறக்கலாகாது.

குளோரம்பெனிக்கோல் 1947இல் மண்ணுயிரொன்றிலிருந்து பெறப்பட்டது. நெருப்புக் காய்ச்சலுக்கு அது செய்த உதவி பெரிது. அதனை நம் ஈரல் ஒருவகை வெல்ல அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றுகின்றது. பிறந்த குழந்தையின் ஈரலுக்கு அவ்வாற்றல் இன்னும் முதிரவில்லை. 1950களின் பிற்பகுதியிலே பச்சிளங் குழந்தைகள் சில இம்மருந்தினால் உடல் சாம்பல் நிறமாகி இறந்த பின்னரே இவ்வுண்மை உலகுக்குத் தெரிந்தது. ஒரு மூலக்கூற்றை உடல் எவ்வழியால் அகற்றுகின்றது என்பதைக் கற்பது தேர்வுக்காக மட்டுமன்று என்பதற்கு அக்குழந்தைகளே சாட்சி.

இனி என் கமக்காரரிடம் திரும்புவோம். ரெற்றாசைக்கிளினின் கீழ்ப்புறத்து ஒட்சிசன் அணுக்கள் நண்டின் கொடுக்குப்போல் விரிந்து நிற்பவை. இரும்பு, கல்சியம், மகனீசியம், அலுமினியம் ஆகியவற்றின் அயன்கள் நடுவே வந்தால் அவற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்ட மருந்து குடலாலே உறிஞ்சப்படாது கழிந்துபோகும். பாலிலே கல்சியம், மாத்திரையிலே இரும்பு. நான் அன்போடு சொன்ன அறிவுரை மருந்தை அவருடைய குடலிலேயே கட்டிப்போட்டுவிட்டது. அந்தக் கொடுக்கே குழந்தைகளின் வளரும் பற்களிலுள்ள கல்சியத்தையும் பற்றி, அழியாத பழுப்பு நிறத்தைப் பதிக்கின்றது. எனவே கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. நாட்பட்டுச் சிதைந்த ரெற்றாசைக்கிளினை உட்கொண்டவர்களின் சிறுநீரகம் பழுதுற்ற செய்தியும் 1960களிலே பதிவாயிற்று. இம்மூன்று எச்சரிக்கைகளையும் தனித்தனியே மனப்பாடம் செய்த மாணவன் ஒன்றையேனும் மறப்பான். கொடுக்கை ஒருமுறை மனத்திலே பதித்தவனுக்கு முதலிரண்டும் தாமே நினைவுக்கு வரும். மூன்றாவதை மட்டும் அவன் வேறாகக் கற்றாற் போதும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. மாணவனுடைய குறிக்கோளைத் தீர்மானிப்பது பாடத்திட்டத்தின் முதற்பக்கத்திலும் பார்க்க வினாத்தாளே. "ரெற்றாசைக்கிளினின் அமைப்பை வரைக" என்று நாம் கேட்டால் அவன் வரையக் கற்பான். "இம்மருந்தையும் இரும்பு மாத்திரையையும் ஒருவர் ஒரே நாளில் உட்கொள்ள வேண்டியிருக்கின்றது, படத்தைக் கொண்டு காரணங்காட்டி அவருக்கு நேரம் வகுத்துக் கொடுக்க" என்று கேட்டால் வாசிக்கக் கற்பான். என் மாணவர்க்கு நான் இட்ட விதி இது: ஒவ்வொரு மருந்தின் படத்தின் கீழும், நோயாளியிடம் சொல்லவேண்டிய ஒரு வசனத்தைத் தூய எளிய தமிழிலே எழுதவேண்டும். அவ்வசனம் படத்திலுள்ள ஓர் அணுவையோ கூட்டத்தையோ காரணமாகக் கொண்டிருத்தல் வேண்டும். முதலில் அவர்கள் திணறுவர். ஆறு மாதம் கழிந்தபின் படத்தைக் கண்டவுடன் வசனம் வரும்.

தமிழிலே எழுதவேண்டும் என்றேன். இது நமக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயிலிருந்து சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அம்முயற்சியின் பயனாக, கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. மாணவர் எம்மொழியிலே பரீட்சை எழுதினாலும், மருந்தகத்தின் முன்னே நிற்கும் தாயிடம் அவர் பேசப்போவது அவள் மொழியிலேயே. அறிந்ததை அம்மொழியிலே சொல்ல முடியாதவர் அதனை முற்ற அறிந்தவராகார்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகிலே ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்தனர் என்று 2022இல் வெளியான பேராய்வொன்று மதிப்பிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2017 முதல் இம்மருந்துகளை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கின்றது: எளிதிற் கிடைக்கவேண்டியவை, கண்காணித்துக் கொடுக்கவேண்டியவை, வேறு வழியற்றபோது எடுப்பதற்கென ஒதுக்கி வைக்கவேண்டியவை. மூன்றாவது பெட்டியைத் திறக்கவேண்டிய நாள் வராமற் காப்பது வைத்தியர் ஒருவரால் மட்டும் ஆவதன்று. வைத்தியரின் சீட்டின்றி நுண்ணுயிரெதிரி விற்கலாகாது என்பது நம் நாட்டுச் சட்டம். சட்டம் கையைத் தடுக்கும். ஏன் தடுக்கின்றது என்று அறிந்த மனமோ தானே தடுத்துக்கொள்ளும்.

நேயர்களே, நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அடுத்தமுறை மருந்தகத்திலே மருந்தை வாங்கும்போது, "இதனை எதனோடு உட்கொள்ளலாகாது? எத்தனை நாளைக்கு? ஏன்?" என்று கேளுங்கள். அந்த "ஏன்" என்னும் கேள்வி மருந்தாளருக்கு அவமதிப்பன்று. கற்றவர் அதனை விரும்புவர். கற்கும் மாணவர் அதற்கு அஞ்சித் தம் பாடத்தை மறுபடி புரட்டுவர். அன்று அந்தக் கமக்காரர் என்னிடம், "பாலோடு ஏன், தம்பி?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால், நான் நின்று யோசித்திருப்பேன். அவர் கேட்கவில்லை. என்னை நம்பினார்.

அந்த நம்பிக்கைக்குத் தகுதியுடையவராதலே மருந்தாளர் மாணவரின் இறுதிக் குறிக்கோள் எனக் கூறி, விடைபெறுகின்றேன்.